திவான் பகதூர் சுப்பராயலு ரெட்டியார்

தென்னாற்காடு ஜில்லாவிற் பிறந்து, கடலூரில் வக்கீல் தொழில் நடத்தி, சென்னை மாகாணத்தின் முதலாவது முதன்மந்திரியாக உயர்ந்தவர் திவான் பகதூர் அ. சுப்பராயலு ரெட்டியார் அவர்கள். இச்செய்தியை நம் சங்கத்தார் பெரும்பாலோர் அறிவர். ஆயினும், அறிந்தது அவ்வளவே. முதலாமவர் என்னும் ஒரு சொல்லைச் சொல்லிப் பெருமையுறும் நாம், அப்பதவியில் அவர் எதைச் செய்ய இயன்றது, எதைச் செய்ய இயலாமற் போயிற்று என்று வினவுவதில்லை. அவர் அந்நாற்காலியில் அமர்ந்திருந்த காலம் ஏழு மாதமும் நிறையாதது. அச்சிறு காலத்தின் வரலாறு பட்டப்பெயரினும் பெரிது என்பது எமது துணிபாதலின், இதனை எழுதப் புகுந்தோம்.

அவர் பிறந்தது 1855-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள். அந்நாளில் இந்நாட்டை ஆண்டது கிழக்கிந்தியக் கம்பெனி. சிப்பாய்கள் எழுந்த பெருங்கலகத்திற்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. நிலபுலமுள்ள குடும்பத்தில் தோன்றிய அவர் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். தென்னாற்காட்டின் தலைநகராகிய கடலூரில், மஞ்சக்குப்பத்து நியாயஸ்தலங்களுக்கு வரும் வழக்குகள் பெரும்பாலும் மண்ணைப் பற்றியனவே. பட்டாத் தகராறு, பாகப்பிரிவினை, அடமானம், வாய்க்கால் வரப்புச் சண்டை இவை அல்லாதன சிலவே. அத்தகைய ஊரில் வக்கீல் ஒருவர்க்குச் சட்டப்புத்தகத்தினும் மிகுதியாக வாய்ப்பது கிராமத்து அறிவு. எந்த ஊர்க் குடியானவன் எதனாற் கடன்பட்டான், எந்தச் சாலையில் அடைமழைக் காலத்தில் வண்டி போகாது என்பனவெல்லாம் கட்சிக்காரர் வாய்வழியே அவர்க்குத் தாமே வந்து சேரும்.

அவ்வறிவு பயன்பட்ட இடம் ஜில்லா போர்டு. ரிப்பன் பிரபு 1882-இல் வகுத்த தலசுயாட்சிக் கொள்கையின் பின், சென்னை மாகாணத்தில் 1884-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜில்லா போர்டுகள் ஏற்பட்டன. எனினும், நெடுங்காலம் கலெக்டரே அவற்றின் தலைவராயிருந்தார். இருபதாம் நூற்றாண்டு பிறந்து சில ஆண்டுகள் கழிந்த பின்னரே உத்தியோகஸ்தரல்லாதார் அவ்விடத்திற்கு வரலாயினர். அங்ஙனம் தென்னாற்காடு ஜில்லா போர்டின் தலைமையை ஏற்று நடத்தியவர்களுள் ரெட்டியாரும் ஒருவர். அந்நாளைய தென்னாற்காடு இப்பொழுதுள்ள கடலூர் ஜில்லா மட்டுமன்று. விழுப்புரம், திண்டிவனம், கள்ளக்குறிச்சி, திருக்கோவலூர் வரை பரந்து கிடந்தது. கெடிலமும் பெண்ணையும் ஆண்டுதோறும் அறுத்துச் செல்லும் சாலைகள், பாலங்கள், ஆஸ்பத்திரிகள், அம்மை குத்துதல், சந்தைகள், சத்திரங்கள், பள்ளிக்கூடங்கள் ஆகிய அனைத்தும் போர்டின் பொறுப்பு. இன்று பலர் இவற்றை அற்பக் காரியங்களாக எண்ணுவர். எம்மைப் போன்ற பள்ளி ஆசிரியர்களைக் கேட்டால், கூரை ஒழுகாத பள்ளிக்கூடம் எத்தனை சட்டசபைச் சொற்பொழிவுகளுக்கு ஈடாகும் என்று சொல்வோம்.

அரசியலில் அவர் முதலில் காங்கிரஸ்காரர். 1916-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பிட்டி தியாகராய செட்டியாரும் டாக்டர் டி. எம். நாயரும் பிறரும் கூடித் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைக் கண்டனர். அச்சங்கம் வெளியிட்ட ஆங்கிலப் பத்திரிகையின் பெயரால் அது ஜஸ்டிஸ் கட்சி என வழங்கலாயிற்று. உத்தியோகங்களிலும் சட்டசபையிலும் பிராமணரல்லாதார் இடம்பெறாதிருந்த குறையை முன்வைத்து எழுந்த அக்கட்சியில் ரெட்டியார் சேர்ந்தார்.

1919-ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின்படி மாகாணச் சட்டசபை 127 உறுப்பினர் கொண்டதாக விரிந்தது. அவருள் 98 பேர் தேர்தலால் வருவோர். சொத்தும் வரியும் உடையார்க்கே வாக்குரிமை. நான்கு கோடிக்கு மேற்பட்ட மக்களுள் வாக்காளர் ஏறக்குறைய பன்னிரண்டரை லட்சம் பேரே. 1920 நவம்பரில் தேர்தல் நடந்தது. காந்தியடிகளின் ஒத்துழையாமைத் திட்டத்தின்படி காங்கிரஸ் அதனைப் பகிஷ்கரித்தது. வாக்காளருள் நால்வரில் ஒருவரே வாக்களித்தனர். ஜஸ்டிஸ் கட்சி 63 இடங்களைப் பெற்றது. கவர்னர் வில்லிங்டன் பிரபு தியாகராய செட்டியாரை மந்திரிசபை அமைக்க அழைத்தார். செட்டியார் பதவியை விரும்பவில்லை. பொறுப்பு ரெட்டியாரிடம் வந்தது. 1920 டிசம்பர் 17-இல் அவர் பதவியேற்றார். பனகல் ராமராயநிங்கார் தலசுயாட்சியையும், கே. வெங்கட ரெட்டி நாயுடு அபிவிருத்தி இலாகாவையும் பெற்றனர். அறுபத்தைந்து வயது நிரம்பிய ரெட்டியார் தமக்கு எடுத்துக்கொண்டவற்றுள் கல்வியும் கலால் இலாகாவும் அடங்கும்.

இவ்விரண்டும் ஒருவரிடத்தே சேர்ந்ததைச் சிறிது நின்று நோக்க வேண்டும். அச்சட்டம் நிறுவியது இரட்டையாட்சி. நிலவரி, போலீஸ், நீதி, நீர்ப்பாசனம், பொக்கிஷம் ஆகியவை கவர்னரும் அவரது நிர்வாக சபையாரும் ஆளும் ஒதுக்கப்பட்ட இலாகாக்கள். கல்வி, சுகாதாரம், விவசாயம் முதலியன மந்திரிகளிடம் மாற்றப்பட்டவை. மாற்றப்பட்டவை யாவும் செலவு கேட்பவை. பணப்பெட்டியின் சாவியோ மறுபக்கத்தில் இருந்தது. மந்திரிகள் கைக்கு வந்த இலாகாக்களுள் பெரும்பணம் ஈட்டுவது கலால் ஒன்றே. அது கள்ளும் சாராயமும் தரும் பணம். 1920-ஆம் ஆண்டில் நிறைவேறிய ஆரம்பக் கல்விச் சட்டமோ ஜில்லாக் கல்விச் சபைகளை அமைக்கவும், கல்வி வரி விதிக்கவும், கட்டாயக் கல்விக்கு வழிகோலவும் இடந்தந்தது. அதைச் செயற்படுத்தும் சுமை புதிய மந்திரியின் தோளில் விழுந்தது. குடியானவன் கள்ளுக்கடையில் வைத்த காசு, சுற்றிவந்து அவன் மகன் கையில் எழுத்தாணியாக வேண்டும்! 1921-இல் ஒத்துழையாமைத் தொண்டர்கள் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்யத் தொடங்கியபோது, கடை மூடினால் பள்ளிக்கூடமும் மூடப்படுமோ என்னும் நிலை நேர்ந்தது. இந்நிலையை ரெட்டியார் உண்டாக்கினாரல்லர். சட்டம் வகுத்த இலண்டன்காரர் உண்டாக்கியது. ஆயினும், அரை அதிகாரத்தை ஏற்றவர் முழுப்பழியையும் ஏற்க வேண்டியதாயிற்று.

அப்படியானால் ஏற்றது பிழையா? காங்கிரஸார் பிழை என்றனர். ஏலாதிருந்தால் அவ்விடங்களில் அமர்பவர் வேறு சிலராக இருந்திருப்பரேயன்றி, இடங்கள் வெறுமையாக இருந்திரா என்பது எமது எண்ணம். 1921 ஜனவரி 12-இல் கன்னாட் கோமகன் திறந்துவைத்த அச்சபை, ஏப்ரல் மாதத்திற்குள்ளாகவே பெண்களுக்கும் ஆடவர்க்கு ஒப்ப வாக்குரிமை வழங்கத் தீர்மானித்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களுள் இதனை முதலிற் செய்தது சென்னையே. ரெட்டியார் முதன்மந்திரியாயிருந்த காலத்தில் நிகழ்ந்தவற்றுள் நிலைத்து நின்றது இதுவே என்போம். ஆறாண்டுகளுள் டாக்டர் முத்துலக்ஷ்மி அம்மையார் அதே சபையில் துணைத்தலைவராக அமர்ந்தார்.

குறைகூறல்களும் இருந்தன. மந்திரிக்கு ஆண்டுக்கு 64,000 ரூபாய்ச் சம்பளம் என்பது ஏழை நாட்டிற்குப் பொருந்தாது என்றனர். இக்கண்டனம் நியாயமானதே என்று யாமும் கருதுகின்றோம். மந்திரிகள் மூவரும் தெலுங்கர், தமிழர் ஒருவரும் இலர் என்று தமிழ் ஜில்லாக்களின் உறுப்பினர் முணுமுணுத்தனர். தென்னாற்காட்டு ரெட்டியார்களுள் பலர்க்கு இல்லத்து மொழி தெலுங்கு என்பது உண்மை. தலைமுறை தலைமுறையாக உழுததும் வழக்காடியதும் பள்ளியிற் படித்ததும் தமிழில் என்பதும் உண்மை. இப்பூசலை இங்கே நீட்ட விரும்பவில்லை. அவ்வாண்டு கோடையில் பெரம்பூர் பின்னி ஆலைகளில் பெரிய வேலைநிறுத்தம் எழுந்தது. போலீஸ் மந்திரிகள் கையில் இல்லை. ஆனால் தெருவில் நின்ற தொழிலாளிக்கு, ஒதுக்கப்பட்ட இலாகா எது, மாற்றப்பட்ட இலாகா எது என்று யார் போய் விளக்குவார்!

ரெட்டியாரின் உடல் இச்சுமையைத் தாங்கவில்லை. 1921 ஜூலை 11-இல் நோய் காரணமாகப் பதவியை விட்டு நீங்கினார். பனகல் அரசர் முதன்மந்திரியாகி 1926 வரை ஆண்டார். கல்வி இலாகா ஏ. பி. பாத்ரோவிடம் சென்றது. பதவி துறந்த நான்காம் மாதமாகிய நவம்பரில், தம் அறுபத்தாறாம் வயதில் ரெட்டியார் காலமானார்.

இரட்டையாட்சி 1937-இல் மாகாணங்களினின்றும் நீங்கிற்று. பின்னர் 1947 மார்ச்சில் அதே தென்னாற்காட்டிலிருந்து, காங்கிரஸ்காரராகிய ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் சென்னையின் முதன்மந்திரியானார். கல்வியோடு போலீஸும், கலாலோடு பொக்கிஷமும் அப்பொழுது மந்திரிகள் பொறுப்பில் ஒருங்கே இருந்தன.