ஒண்ணே முக்கால் ரூபாய் கடனில் பேப்பர் தொடங்கிய வாத்தியார்!

சென்னை ஐகோர்ட்டு நீதிபதியாக முத்துசாமி அய்யர் 1878-ல் நியமிக்கப்பட்டார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். வெள்ளைக்காரர் நடத்திய பத்திரிகைகளுக்குப் பொறுக்கவில்லை. தாக்கி எழுதித் தள்ளின.

பதிலடி கொடுக்க நம்மவர்களிடம் பேப்பர் ஏது?

கிளம்பினார் ஒரு வாத்தியார். பெயர் ஜி.சுப்பிரமணிய அய்யர். திருவையாற்றுக்காரர். வயது 23. கூட்டாளிகள் 5 பேர். கையில் காசு இல்லை. ஒண்ணே முக்கால் ரூபாய் கடன் வாங்கினார்கள். செப்டம்பர் 20-ந்தேதி தங்கசாலைத் தெரு அச்சகத்தில் 80 பிரதிகள் அச்சாகின. அதுதான் "இந்து" வாரப் பத்திரிகை!

தமிழில் சேதி

இங்கிலீஷ் தெரியாத ஜனங்களுக்கு? 1882-ல் "சுதேசமித்திரன்" தொடங்கினார். கோர்ட்டு, வரி, காங்கிரஸ் சேதி எல்லாம் தமிழில் வந்தது. 1899-ல் அது தினசரி ஆனது. மதுரையில் வாத்தியாராக இருந்த பாரதியாரை 1904-ல் உதவி ஆசிரியராகக் கூட்டிவந்தவரும் இவர்தான்.

மகளுக்கு மறுமணம்

இளம் விதவைகளுக்கு மறுமணம் வேண்டும் என்று எழுதினார். எழுதியதோடு விடவில்லை. சின்ன வயதிலேயே விதவையான தன் மகளுக்கு 1889-ல் பம்பாயில் மறுமணம் செய்துவைத்தார். சொந்தக்காரர்கள் ஒதுக்கினார்கள். அவர் அசரவில்லை.

1898-ல் பங்காளியிடமிருந்து பிரிந்து "இந்து"வை விட்டார். தமிழ்ப் பேப்பரை விடவில்லை.

1908-ல் ராஜத்துரோக வழக்கில் கைதானார். கடைசிக் காலத்தில் நோய் வாட்டியது. 1916 ஏப்ரல் 18-ந்தேதி காலமானார்.

80 பிரதிகளில் தொடங்கிய பேப்பர் இன்றும் வருகிறது!