தங்கம் தேடித் தந்த ஆசான்

சையத் அப்துல் ரஹீம் 1909ஆம் ஆண்டு இந்தியாவின் ஐதராபாத் நகரில் பிறந்தார். பட்டப்படிப்பை முடித்துப் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். காற்பந்தின்மீது கொண்ட ஈடுபாட்டால், 1943ஆம் ஆண்டு ஐதராபாத் காற்பந்துச் சங்கத்தின் செயலாளரானார்.

வகுப்பறையில் கைக்கொண்ட பொறுமையையும் ஒழுங்கையும் அவர் திடலுக்கும் கொண்டு வந்தார். வலுக்குறைந்த காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்ற விதியுடன் போட்டிகளை நடத்தினார். இதனால் ஆட்டக்காரர்கள் இரு கால்களாலும் ஆடப் பழகினர். வறுமையில் வாடிய இளைஞர் துளசிதாஸ் பலராம் பயிற்சிக்கு வருவதற்குச் சைக்கிள் வாடகையைத் தாமே கொடுத்து உதவினார். அவர் பயிற்சியளித்த ஐதராபாத் காவல்துறைக் குழு, 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது.

இந்தியக் குழுவின் பயிற்றுநராகவும் ரஹீம் பொறுப்பேற்றார். 1951ஆம் ஆண்டு புதுடில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில் அக்குழு தங்கம் வென்றது. ஆயினும், மறு ஆண்டே எல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 10–1 எனத் தோற்றது. அங்கு ஆட்டக்காரர் பலர் வெறுங்காலுடன் ஆடினர். அத்தோல்விக்குப் பின் காலணி அணிந்து ஆடுவது கட்டாயமாயிற்று. ரஹீம் மனம் தளரவில்லை. 1956ஆம் ஆண்டு மெல்பர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா அரையிறுதிவரை முன்னேறி, நான்காம் இடத்தைப் பிடித்தது.

1962ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியே அவருக்குப் பெருஞ்சோதனையாக அமைந்தது. அப்போது அவர் உடல்நலம் குன்றியிருந்தார். முதல் ஆட்டத்தில் இந்தியா தென்கொரியாவிடம் 2–0 எனத் தோற்றது. தற்காப்பு ஆட்டக்காரர் ஜர்னைல் சிங்கின் தலையில் காயம் ஏற்பட்டது. ரஹீம் அவரைத் தாக்குதல் வரிசைக்கு மாற்றினார். அம்முடிவு வீண்போகவில்லை. செப்டம்பர் 4ஆம் நாள் நடந்த இறுதியாட்டத்தில் இந்தியா மீண்டும் தென்கொரியாவை எதிர்கொண்டது. அரங்கில் திரண்டிருந்த பெருங்கூட்டம் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. எனினும், பி.கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் கோல் அடிக்க, 2–1 எனத் தங்கம் இந்தியாவின் வசமானது. அதே போட்டியில் நம் மலாயாக் குழு வெண்கலம் வென்றது குறிப்பிடத்தக்கது.

அடுத்த ஆண்டு ஜூன் திங்களில் ரஹீம் புற்றுநோயால் காலமானார். அதன்பின் ஆசிய விளையாட்டுப் போட்டிக் காற்பந்தில் இந்தியா மற்றொரு தங்கத்தை வெல்லவில்லை. நோயிலும் தம் கடமையைக் கைவிடாத அந்த ஆசிரியரின் உழைப்பு எத்தகையது என்பதை இதுவே உணர்த்தும்.