மலைக்காற்றை அளந்த மகான்

மலையேறுவது தைரியசாலிகளின் காரியம் என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணியிருக்கிறோம். தைரியம் வேண்டியதுதான், ஆனால் ஒருவனுடைய தைரியத்தைக் கண்டு புயல் அஞ்சி ஒதுங்குவதில்லை. பனிமலையில் உயிரைக் காப்பவை பொறுமையும், அளந்தறியும் அறிவும், தக்க சமயத்தில் திரும்பிவிடும் துணிவுமேயாம். இவ்வுண்மையைத் தமது வாழ்க்கையாலேயே விளக்கியவர் ஜெனீவா நகரத்துப் பேரறிஞர் ஹொராஸ் பெனடிக்ட் டி ஸோஸூர். அன்னாரது சரிதத்தை நமது நேயர்களுக்குச் சுருங்கக் கூற விரும்புகிறோம்.

ஸோஸூர் 1740-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ந் தேதி ஜெனீவாவுக்கு அருகே செல்வக் குடும்பமொன்றில் பிறந்தார். ஜெனீவா அக்காலத்தில் ஒரு தனிக் குடியரசு. 22-ஆம் வயதிலேயே அவர் அந்நகரத்துக் கலாசாலையில் தத்துவப் பேராசிரியரானார். அதற்கு முன்பே, 1760-ல், ஷாமொனி பள்ளத்தாக்குக்குச் சென்று, ஆல்ப்ஸ் மலைகளுள் யாவற்றினும் உயர்ந்த மோன் பிளான் சிகரத்தைக் கண்டார். அதன் உச்சிக்கு வழி கண்டுபிடிப்போருக்கு வெகுமதி அளிப்பதாக அறிவித்தார். அவ்வெகுமதி 26 வருஷ காலம் எவர் கைக்கும் எட்டவில்லை.

மேலே போகப் போகக் குளிர் மிகுவது ஏன் என்பது அன்று தீராத வினா. ஸோஸூர் 1767-ல் கண்ணாடிகள் பதித்த பெட்டி ஒன்றைச் செய்து, வெயிலின் உஷ்ணத்தை அதற்குள் அடைத்து அளந்தார். பின்னர் 1774-ல் அத்தகைய பெட்டியைக் க்ராமோன் என்னும் மலையுச்சிக்கும் கொண்டு சென்றார். வெளிக்காற்று மிகவும் குளிர்ந்திருந்தும், பெட்டிக்குள் உஷ்ணம் அடிவாரத்தில் ஏறியது போலவே ஏறிற்று. உயரத்தில் வெயிலின் வலிமை குறையவில்லை, அங்குள்ள மெல்லிய காற்றே உஷ்ணத்தைப் பிடித்து வைக்கமாட்டாதது என்பது இதனால் தெளிந்தது. ஆகவேதான் பனிமலையில் நிழல் உறையச் செய்ய, வெயில் சுட்டெரிக்கிறது. அவ்வெயிலால் பனி இளகுமுன் கடந்துவிட வேண்டுமென்றே மலையேறுவோர் விடியுமுன் புறப்படுகின்றனர்.

மனித ரோமம் ஈரத்தில் நீள்வதையும் வறட்சியில் குறுகுவதையும் கொண்டு, காற்றின் ஈரத்தை அளக்கும் கருவி ஒன்றையும் அவர் அமைத்தார். அதைப்பற்றிய அவரது நூல் 1783-ல் வெளிவந்தது.

1785-ல் அவரே மோன் பிளான் மீது ஏற முயன்றார். புதிதாகப் பெய்த பனி வழியை மறித்தது. பிடிவாதம் செய்யாமல் திரும்பினார். மறு ஆண்டு ஆகஸ்டு 8-ந் தேதி, ஷாமொனி வாசிகளான ஜாக் பால்மா என்பவரும், மிஷேல் பக்கார் என்னும் வைத்தியரும் உச்சியை அடைந்தனர். 1787-ல் ஸோஸூர் ஷாமொனிக்கு வந்தபோது வானம் இருண்டு மழை பிடித்துக்கொண்டது. ஏறக்குறைய நான்கு வாரம் அவர் காத்திருந்தார். ஆகஸ்டு 3-ந் தேதி, 18 வழிகாட்டிகளுடன் உச்சியில் நின்றார். நின்று மகிழ்ந்து இறங்கிவிடவில்லை. மூச்சுத் திணறிய நிலையிலும் நான்கு மணிக்கு மேல் அங்கேயே தங்கி, காற்றின் பாரத்தையும், நீர் கொதிக்கும் உஷ்ணத்தையும், வானத்து நீலத்தின் அடர்த்தியையும் அளந்து குறித்தார்.

எனினும் அவருடைய பெருமை அந்தச் சிகரத்தில் முடிவதன்று என்பது நமது கருத்து. ஒரு நாள் அளவு மலையின் குணத்தைக் காட்டாது என்றுணர்ந்து, 1788 ஜூலையில் தம் மகன் தியோடோருடன் கோல் து ஜெயான் என்னும் கணவாய்க்கு ஏறினார். சுமார் 3,350 மீட்டர் உயரமுள்ள அவ்விடத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் குடிசையும் கூடாரமுமாக வாசம் செய்தார். இடியும் புயலும் வாட்டின. ஆயினும் இரவு பகலாகக் கருவிகளைப் பார்த்து எழுதினார். அதே வேளைகளில் ஷாமொனியிலும் ஜெனீவாவிலும் அளவுகள் எடுக்க ஏற்பாடு செய்திருந்தார். மேலும் கீழும் ஒரே சமயத்தில் அளந்து ஒப்பிடும் இம்முறையே மலை வானிலை ஆராய்ச்சிக்கு அஸ்திவாரமாயிற்று.

வானிலையை மதியாததன் விலை என்ன? 1870 செப்டம்பரில் மோன் பிளான் மீது ஏறிய 11 பேர் புயலில் சிக்கினர். ஒருவரும் உயிருடன் திரும்பவில்லை. இன்று பனிச்சறுக்குக்காகத் தனிமலைகளை நாடுவோருக்கும் இதே அபாயம் உண்டு. புதுப்பனி, அதை வாரிக் குவிக்கும் காற்று, திடீரென ஏறும் உஷ்ணம் ஆகியவை பனிச்சரிவுக்குக் காரணமாகின்றன. ஐரோப்பிய நாடுகள் 1993 முதல் இவ்வபாயத்தை ஐந்து படிகளாக வகுத்து அறிவித்து வருகின்றன. அறிவிப்பு இருந்தும், ஆசை மேலிட்டு அதைப் புறக்கணிப்போர் இன்னும் மடிகின்றனர்.

பிரெஞ்சுப் புரட்சியின் குழப்பத்தில் ஸோஸூர் தமது செல்வத்தை இழந்தார். பக்கவாதத்தால் உடலும் தளர்ந்தது. 1799 ஜனவரி 22-ந் தேதி காலமானார். 1887-ல் ஷாமொனியில் அவருக்கும் பால்மாவுக்கும் சிலை எழுப்பினர். பக்காருக்கு அங்கே சிலை வைக்க மேலும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று. சுமை தூக்கிய மற்றைய வழிகாட்டிகளுக்கோ ஊர் நினைவே சிலை.

மோன் பிளானில் முதலில் கால் வைத்தவர் ஸோஸூர் அல்லர். ஆனால் எப்பொழுது ஏறலாகாது என்பதை அளந்தறியும் வழியைக் காட்டியவர் அவர். சிகரம் இன்றில்லாவிடில் நாளையும் அங்கேயே நிற்கும். போன உயிர் மீளாது. இதை அறிந்து திரும்பியவனைக் கோழையென்று நாம் இகழலாகாது.