லைசாண்டர் ஸ்பூனர்

லைசாண்டர் ஸ்பூனர் (சனவரி 19, 1808 – மே 14, 1887) ஐக்கிய அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த வழக்கறிஞரும், அடிமைமுறை ஒழிப்பாளரும், அரசியல் சிந்தனையாளரும் ஆவார். ஒருவரது இசைவின்றி அவர் மீது ஆட்சி செலுத்த எவருக்கும் உரிமையில்லை என்பதே இவரது சிந்தனையின் அடிப்படை. இக்கருத்தை அதன் எல்லைவரை கொண்டு சென்றதால், அரசு என்னும் அமைப்பையே மறுக்கும் அரசின்மைவாதிகளுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார்.

இளமையும் தொழிலும்

ஏத்தால் என்னும் ஊரில் ஒரு வேளாண் குடும்பத்தில் பிறந்த ஸ்பூனர், 25 வயது வரை தந்தையின் பண்ணையில் உழைத்தார். பின்னர் வூஸ்டர் நகரில் வழக்கறிஞர்களிடம் சட்டம் பயின்றார். கல்லூரிப் பட்டம் பெற்றோர் மூன்று ஆண்டுகளும், பட்டம் இல்லாதோர் ஐந்து ஆண்டுகளும் பயில வேண்டும் என்பது அக்கால மாசசூசெட்ஸ் விதி. இது வசதியற்றோரின் போட்டியிலிருந்து செல்வர்களைக் காக்கும் ஏற்பாடு என்று வாதிட்ட ஸ்பூனர், மூன்று ஆண்டுகளிலேயே தொழிலைத் தொடங்கினார். 1836 இல் சட்டமன்றம் அவ்விதியை நீக்கியது. ஆயினும் தொழிலில் இவர் பெரிதாகப் பொருளீட்டவில்லை. ஒகையோவில் நிலம் வாங்கி விற்கும் முயற்சியும் 1837 இன் பொருளாதார நெருக்கடியால் தோல்வியுற்றது.

அஞ்சல் நிறுவனம்

அக்காலத்தில் பாஸ்டனிலிருந்து நியூயார்க்கிற்கு ஒரு தாள் கொண்ட மடலை அனுப்ப அரசு அஞ்சல் துறை 18¾ சதம் பெற்றது. 1844 இல் ஸ்பூனர் அமெரிக்க மடல் அஞ்சல் நிறுவனத்தைத் தொடங்கி, டாலருக்கு 20 அஞ்சல்தலைகள் என விற்று, பாஸ்டன், நியூயார்க், பிலடெல்பியா, பால்ட்டிமோர் நகரங்களுக்கிடையே மடல்களைக் கொண்டு சென்றார். அரசியலமைப்பு நாடாளுமன்றத்திற்கு அஞ்சல் நிலையங்களை அமைக்கும் அதிகாரத்தை மட்டுமே தருகிறது, பிறரைத் தடுக்கும் அதிகாரத்தைத் தரவில்லை என்பது இவரது வாதம். அரசு தொடர்ந்து வழக்குகளைத் தொடுத்தது. அவற்றை எதிர்கொள்ளும் பொருள்வலிமை இவரிடம் இல்லை. 1845 ஆம் ஆண்டுச் சட்டம் 300 மைல்களுக்கு உட்பட்ட தொலைவுக்கான கட்டணத்தை 5 சதமாகக் குறைத்ததோடு தனியார் அஞ்சலுக்கான தடையையும் இறுக்கியது. 1851 இல் கட்டணம் 3 சதமாகியது. நிறுவனம் அழிந்தது, கட்டணக் குறைப்பு நிலைத்தது.

அடிமைமுறை எதிர்ப்பு

அரசியலமைப்பு அடிமைமுறைக்கு உடந்தையானது என்பது வில்லியம் லாயிட் கேரிசன் தலைமையிலான ஒழிப்பாளர்களின் நிலைப்பாடு. 1854 இல் கேரிசன் அதன் படியைப் பொதுக்கூட்டத்தில் எரிக்கவும் செய்தார். ஸ்பூனர் இதற்கு நேர்மாறான வழியில் சென்றார். 1845 இல் வெளியான 'அடிமைமுறையின் அரசியலமைப்புக்கு முரணான தன்மை' என்ற நூலில், 1787 இல் எழுதப்பட்ட மூலத்தில் அடிமை என்ற சொல்லே இல்லை என்பதைச் சுட்டினார். இயற்கை உரிமையைப் பறிக்கும் சட்டம் ஐயத்திற்கிடமின்றி எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதியோர் மனத்தில் மறைத்து வைத்த நோக்கம் சட்டமாகாது என்றார். கேரிசனின் தோழரான வென்டல் பிலிப்ஸ் இதை மறுத்து எழுதினார். ஆனால் முன்னாள் அடிமையும் பெரும் பேச்சாளருமான பிரெடரிக் டக்ளஸ் 1851 இல் கேரிசனின் நிலைப்பாட்டைக் கைவிட்டபோது, தம் மனமாற்றத்திற்குக் காரணமானோருள் ஸ்பூனரையும் குறிப்பிட்டார்.

தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் 1850 ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின், நடுவர் குழுவினர் குற்றத்தை மட்டுமின்றிச் சட்டத்தின் நீதியையும் தீர்மானிக்கலாம் என்று 1852 இல் எழுதினார். 1858 இல் ஒரு படி மேலே சென்று, ஆயுதமேந்தி அடிமைகளை விடுவிக்கும் திட்டத்தை அச்சிட்டார். ஆர்ப்பர்ஸ் பெரியில் கிளர்ச்சி செய்து பிடிபட்ட ஜான் பிரவுனை மீட்க, வர்சீனிய ஆளுநரைக் கடத்திப் பணயமாக வைக்கும் திட்டத்திலும் இவருக்குப் பங்குண்டு. அது செயல்வடிவம் பெறவில்லை. பிரவுன் 1859 திசம்பரில் தூக்கிலிடப்பட்டார்.

அரசு மறுப்பு

இத்தகையவர் உள்நாட்டுப் போரில் (1861–1865) வடக்கை ஆதரித்திருப்பார் என்று எண்ணத் தோன்றும். ஆனால் ஸ்பூனர் அதை எதிர்த்தார். அடிமையை அவன் இசைவின்றி வைத்திருப்பது தவறு என்றால், ஒரு மக்கள் கூட்டத்தை அவர்களின் இசைவின்றி ஒன்றியத்தில் பிணைப்பதும் தவறே என்பது இவரது முடிவு. 1867 முதல் 1870 வரை வெளிவந்த 'தேசத்துரோகம் இல்லை' என்ற சிறுநூல் வரிசையில், அரசியலமைப்பு ஓர் ஒப்பந்தம் என்றால் அதைச் செய்தவர்கள் இறந்துவிட்டனர், இருப்போர் எவரும் கையொப்பமிடவில்லை என வாதிட்டார். வரி செலுத்துவது அச்சத்தால் நிகழ்வது; மறைமுக வாக்கெடுப்பில் யார் யாருக்கு அதிகாரம் தந்தார் என்பதை எவராலும் காட்டமுடியாது; ஆகவே இவை இசைவுக்குச் சான்றாகா என்றார். 1845 இல் தாம் தாங்கிப் பிடித்த ஆவணத்தையே இங்கு தகர்த்தார். எனினும் இரு நூல்களிலும் வாதமுறை ஒன்றே: ஆவணத்தின் மதிப்பை இயற்கை நீதியே அளவிடுகிறது. போர் இல்லாமல் அடிமைமுறை எப்போது ஒழிந்திருக்கும் என்ற வினாவுக்கு இவரது 1858 திட்டத்தைத் தவிர வேறு விடை இவரிடம் காணப்படவில்லை. இது இவரது வாதத்தின் வலுவற்ற பகுதி.

பொருளியலில் இவரை வலதுசாரி என்றோ இடதுசாரி என்றோ வகைப்படுத்துவது கடினம். கூலிக்கு உழைப்பதை விட ஒவ்வொருவரும் தமக்கே முதலாளியாக இருப்பது மேல் என்றும், வங்கித் தொழிலின் மீதான கட்டுப்பாடுகளே எளியோருக்குக் கடன் கிடைக்காமல் செய்கின்றன என்றும் கருதினார். எல்லா ஏகபோகங்களையும் எதிர்த்த இவர், 1855 இல் எழுதிய நூலில் எண்ணங்கள் மீதான உடைமையுரிமை காலவரையற்றது என்று வாதிட்டது கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களுக்கு வியப்பளிக்கக்கூடும்.

இறுதிக்காலம்

ஸ்பூனர் திருமணம் செய்துகொள்ளவில்லை. வறுமையில், பாஸ்டனின் ஒரு விடுதி அறையில் நூல்களுக்கும் கையெழுத்துப் படிகளுக்கும் நடுவே வாழ்ந்து 1887 இல் இறந்தார். நண்பர் பெஞ்சமின் டக்கர் தம் 'லிபர்ட்டி' இதழில் இவருக்கு அஞ்சலி எழுதினார். 20 ஆம் நூற்றாண்டில் முரே ராத்பார்ட் இவரது அரசியல் கருத்துகளை ஏற்று, பணம், கடன் பற்றிய கருத்துகளை மறுத்தார். 2008 இல் ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆயுதம் வைத்திருக்கும் உரிமை பற்றிய ஹெல்லர் வழக்கின் தீர்ப்பில் இவரது 1845 ஆம் ஆண்டு நூலைச் சான்றாகக் காட்டியது.