தொரப்பள்ளி தந்த இராஜகோபாலாசாரியார்

ஓசூரை அடுத்த தொரப்பள்ளி என்னுஞ் சிற்றூரில் 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் சக்கரவர்த்தி இராஜகோபாலாசாரியார் தோன்றினார். ஓசூரில் இளமைக் கல்வியும், பெங்களூரிற் கலைக்கல்வியும், சென்னையிற் சட்டக்கல்வியும் பெற்று, 1900-இல் சேலத்தில் வழக்கறிஞரானார். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அந்நாளிற் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தவை. அவர் வைணவ மரபினர். எனினும் அவர் வாழ்வின் ஒரு பகுதி சிவாலய வாயிலைத் தொட்டு நிற்றலின், அதனை ஈண்டு எடுத்துரைக்கப் புகுந்தோம். 1948-இல் அவர் எய்திய கவர்னர் ஜெனரல் பதவி முதலியன யாவரும் அறிந்தவை.

பெரும்பொருள் தந்த தொழிலை ஒத்துழையாமை இயக்கத்தின்பொருட்டு அவர் துறந்தார். 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில், ஜமீன்தார் இரத்தினசபாபதிக் கவுண்டர் அளித்த நிலத்திற் காந்தி ஆச்சிரமம் நிறுவி, அங்கேயே குடிலமைத்து வாழ்ந்தார். அதனைத் திறந்து வைத்தவர் ஈ. வெ. இராமசாமியார் என்பது பிற்கால அரசியலை அறிந்தார்க்கு வியப்பளிக்கும். ஏழையர்க்கு இராட்டையால் ஊதியம் அளித்தலும், குடியை ஒழித்தலும், தீண்டாமையை நீக்கலும் ஆச்சிரமத்தின் பணிகளாயின. தாழ்த்தப்பட்டோரும் அங்கே உடனுறைந்தனர்.

அவ்வாண்டிலே திருச்சானூர்க் கோயிலுள் வழிபடப் புகுந்த தாழ்த்தப்பட்ட அன்பர் ஒருவர் தண்டிக்கப்பட்டார். மேல்முறையீடு சித்தூர் மன்றத்துக்கு வந்தது. நீதிமன்றத்தைத் துறந்த ஆசாரியார், அவ்வேழைக்காக மீண்டும் அங்கே எழுந்து வாதாடினார். பொருளீந்தாரைப் பலர் அறிவர். தாம் பூண்ட நோன்பையே பிறர்க்காக நெகிழ்த்தலை யாம் அதனினும் அரிய ஈகையாகக் கருதுகின்றோம். சட்ட நுணுக்கத்தால் அன்பர் விடுதலை பெற்றார். ஆலயக் கதவோ திறக்கவில்லை. திருநாளைப்போவாரை நாளும் போற்றும் நமக்கு இச்செய்தி சுடாதிருத்தல் இயலாது.

1937-இல் சென்னை மாகாணத்தின் முதன்மந்திரியாகிய அவர், அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் தம் சேலம் ஜில்லாவிலே மதுவிலக்கைத் தொடங்கினார். 1938-இற் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது மறைமலையடிகள் முதலாய சைவப் பெருமக்கள் எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பு நேரியதென்பதே நம் துணிபு. ஆயினும் அம்மனத்தாங்கல் அடுத்து நிகழ்ந்ததை மறைத்தலாகாது.

1939 ஜூலை 8-ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலுள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டோரை அழைத்துச் சென்றார். பழைய சட்டத்தின்படி அவரும் கோயில் அதிகாரிகளும் வழக்கிற் சிக்குண்ணும் நிலை எழுந்தது. ஆசாரியாரின் அரசு அவர்களைக் காக்க அவசரச் சட்டமும், பின் அவ்வாண்டிலேயே நிலையான சட்டமும் செய்தது. அக்டோபரில் அவர் பதவி துறந்தார். மாகாணத்துக் கோயில்கள் யாவும் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தால் எல்லார்க்கும் திறக்கப்பட்டன.