வில்லெம் கரேல் டிக்கே

வில்லெம் கரேல் டிக்கே (பெப்ரவரி 21, 1905 - 1962) நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த குழந்தை நல மருத்துவர் ஆவார். கோதுமை, ரை ஆகிய தானியங்களே சீலியாக் நோயாளிகளின் குடலுக்குக் கேடு செய்கின்றன என்பதை அளவீடுகள் வழியாக நிறுவியவர் இவர். இந்நோய்க்கு இன்று உலகெங்கும் கடைப்பிடிக்கப்படும் குளுட்டன் நீக்கிய உணவுமுறை இவரது ஆய்வையே அடிப்படையாகக் கொண்டது.

வாழ்க்கை

டோர்ட்ரெக்ட் நகரில் பிறந்த டிக்கே 1922 முதல் 1929 வரை லைடனில் மருத்துவம் பயின்றார். பின்னர் டென் ஹாக் நகரிலுள்ள யூலியானா குழந்தைகள் மருத்துவமனையில் குழந்தை மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி பெற்றார். 1936 இல், தமது 31 ஆவது வயதிலேயே, அம்மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1957 இல் யூட்ரெக்ட் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் அந்நகரின் வில்ஹெல்மினா குழந்தைகள் மருத்துவமனையின் தலைவராகவும் ஆனார்.

அக்காலத்தில் சீலியாக் நோய்

வயிறு ஊதுதல், கைகால்கள் மெலிதல், கொழுப்பு மிகுந்த நாற்றமுள்ள மலம், வளர்ச்சி குன்றுதல் ஆகியவை இந்நோயின் அறிகுறிகள். வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதன் பெயர் வந்தது. பண்டைய மருத்துவரான கப்படோக்கியாவின் அரெட்டியஸ் இதை விவரித்துள்ளார். 1888 இல் இலண்டன் மருத்துவர் சாமுவேல் கீ இதைத் தெளிவாக வரையறுத்து, குணம் ஏற்படுமானால் அது உணவின் வழியாகவே ஏற்படும் எனக் கருதினார். ஆனால் எந்த உணவு என்பது அவருக்குத் தெரியவில்லை. நாள்தோறும் நெதர்லாந்துச் சிப்பி இறைச்சியை உண்ட ஒரு குழந்தை நன்கு தேறியதையும், சிப்பிப் பருவம் முடிந்ததும் மீண்டும் நோயுற்றதையும் அவர் பதிவு செய்தார்.

1924 இல் நியூயார்க் மருத்துவர் சிட்னி ஹாஸ் வாழைப்பழ உணவுமுறையை அறிமுகப்படுத்தினார். அதனால் பல குழந்தைகள் தேறினர். அம்முறையில் ரொட்டியும் தானியங்களும் விலக்கப்பட்டிருந்தன. எனினும் குணமாக்கியது வாழைப்பழமே என நம்பப்பட்டது. கொடுத்த உணவைப் பார்த்தவர்கள் நிறுத்திய உணவைப் பார்க்கவில்லை. டிக்கேயின் பங்களிப்பு இவ்விடத்தில்தான் தொடங்குகிறது.

கோதுமை மீதான ஐயம்

ரொட்டியை நிறுத்தியதும் தன் குழந்தை தேறியதாக ஒரு தாய் மருத்துவர்களிடம் தெரிவித்ததே டிக்கேயின் சிந்தனையைத் தூண்டியது என்று கூறப்படுகிறது. 1930களின் நடுப்பகுதியிலேயே அவர் கோதுமை நீக்கிய உணவைச் சில குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1941 இல் டச்சு மருத்துவ இதழொன்றில் இந்நோய்க்கான எளிய உணவுமுறை பற்றி எழுதினார். நாடு அப்போது செருமானிய ஆக்கிரமிப்பில் இருந்தது. கட்டுரையும் டச்சு மொழியில் வெளியானது. எனவே அது வெளிநாட்டு மருத்துவர்களின் கவனத்தைப் பெறவில்லை.

பசிக் குளிர்காலம்

1944 செப்டம்பரில் நெதர்லாந்தில் தொடங்கிய தொடர்வண்டி வேலைநிறுத்தத்திற்குப் பதிலடியாக, செருமானியர் நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு செல்வதைத் தடுத்தனர். அடுத்த குளிர்காலத்தில் டென் ஹாக், ஆம்ஸ்டர்டாம் முதலிய நகரங்களில் மக்கள் துலிப் கிழங்குகளையும் சர்க்கரைவள்ளிப் பீட்டையும் உண்டு வாழ நேர்ந்தது. 20,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எல்லோரும் மெலிந்த அக்காலத்தில் சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினர் என்றும், போரின் இறுதியில் ரொட்டி மீண்டும் வந்ததும் நோயுற்றனர் என்றும் சொல்லப்படுகிறது. பல நூல்கள் இந்தப் பஞ்சத்திலேயே கண்டுபிடிப்பு நிகழ்ந்ததாகக் கூறுகின்றன. இது சரியன்று. டிக்கேயின் ஐயம் பஞ்சத்துக்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் முந்தையது; பஞ்சம் அதனை வலுப்படுத்தியது என்பதே பொருந்தும்.

அளவீடும் நிறுவலும்

ஐயத்தை மெய்ப்பிக்க எடை, உயரக் குறிப்புகள் மட்டும் போதவில்லை. யூட்ரெக்டில் பணியாற்றிய உயிர்வேதியியலாளர் வான் டி காமர் மலத்திலுள்ள கொழுப்பை அளக்க எளிய முறையொன்றை 1949 இல் வெளியிட்டார். அவருடனும் குழந்தை மருத்துவர் வெயர்சுடனும் இணைந்து டிக்கே பணியாற்றினார். குழந்தைகளின் உணவில் கோதுமை சேர்க்கப்பட்டும் நீக்கப்பட்டும் வந்தது. அவர்கள் உண்ட கொழுப்பும் வெளியேற்றிய கொழுப்பும் கணக்கிடப்பட்டன. கோதுமையைச் சேர்த்தவுடன் கேடு தெரிவதில்லை. சில நாட்களோ வாரங்களோ கழித்தே பசி குறைந்து, மலக் கொழுப்பு உயர்ந்தது. முந்தைய மருத்துவர்கள் காரணத்தைத் தவறவிட்டதற்கு இத்தாமதமும் ஒரு காரணமாகலாம்.

சில தானியங்களின் தீய விளைவு பற்றிய இந்த ஆய்வுக்காக 1950 இல் யூட்ரெக்ட் பல்கலைக்கழகம் இவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது. 1952 இல் பர்மிங்காம் ஆய்வாளர்கள் தனித்து ஆராய்ந்து, கேடு செய்வது குளுட்டன் என உறுதிப்படுத்தினர். டச்சுக் குழுவின் 1953 ஆம் ஆண்டுக் கட்டுரைகளும் மாவுச்சத்து தீங்கற்றது, கேடு புரதப் பகுதியிலேயே உள்ளது எனக் காட்டின. பிசைந்த கோதுமை மாவுக்கு இழுவைத் தன்மை தரும் புரதமே குளுட்டன் ஆகும்.

குடலில் என்ன நிகழ்கிறது என்பதை டிக்கேயின் அளவீடுகள் காட்டவில்லை. சிறுகுடலின் உட்சுவரில் உணவை உறிஞ்சும் விரல் போன்ற நுண்முகிழ்கள் இந்நோயில் தேய்வதை 1954 இல் ஜான் பாலி அறுவை சிகிச்சையில் எடுத்த திசுக்களில் கண்டார். இது உடலின் எதிர்ப்பாற்றல் தன் திசுவையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய் என இன்று அறியப்படுகிறது. வாழ்நாள் முழுதும் கோதுமை, ரை, பார்லி ஆகியவற்றைத் தவிர்ப்பதே இதற்கான மருத்துவம். அரிசி, மக்காச்சோளம், உருளைக்கிழங்கு ஆகியவற்றை உண்ணலாம். இந்தியாவில் கோதுமையை முதன்மை உணவாகக் கொண்ட வடபகுதியில் இந்நோய் தெற்கைவிட மிகுதியாகக் காணப்படுகிறது. அரிசி உண்போரும் கவனிக்க வேண்டிய ஒன்று, கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருப்பதாகும்.

டிக்கே 1962 இல், தமது 57 ஆவது வயதில் காலமானார். நெதர்லாந்துக் குடலியல் மருத்துவர் சங்கம் இவர் பெயரில் தங்கப்பதக்கம் ஒன்றை நிறுவியுள்ளது.