உடையவரும் கோயில் ஊழியரும்

சத்திரமாயினும் சாப்பாட்டு விடுதியாயினும், வருகிறவர்களை உபசரிக்கும் ஸ்தாபனங்களை நடத்துவோர் ஓயாமல் சொல்லும் குறை ஒன்றுண்டு. கைதேர்ந்த ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் நிலைப்பதில்லை என்பதே அது. கூலிக் குறைவு இதற்கொரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது மட்டுமே காரணமன்று. நாள்தோறும் யாத்திரிகர் வந்து குவியும் ஸ்ரீரங்கம் பெரிய கோயிலில் திறமையுள்ள ஊழியரைத் திரட்டி நிலைக்கச் செய்த ஸ்ரீ ராமாநுஜரின் வாழ்க்கை இவ்விஷயத்தில் ஆராயத்தக்கது. பாஷ்யகாரரென அவரை உலகம் அறியும். நிர்வாகியென அறிந்தோர் சிலரே.

மரபின்படி அவர் 1017-ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்பூதூரில் பிறந்தார். காஞ்சியில் துறவு பூண்டு, ஆளவந்தாரின் மறைவுக்குப் பின் ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தார். அப்போது கோயிலின் சாவி அமுதனார் கையில் இருந்தது. அமுதனார் தம் தாயாரின் பதினோராம் நாள் சடங்கில் உண்டவருக்குத் திருப்தி உண்டாக வேண்டுமென்று வேண்டி நின்றபோது, இலையில் அமர்ந்திருந்த கூரத்தாழ்வான் அச்சாவியையே கேட்டுப் பெற்றாரென்பர். விருந்தளித்தவன் வாக்குத் தவறக் கூடாதென்ற அக்காலத்து நியதி எவ்வளவு வலியது பாருங்கள்! அதே அமுதனார் பின்னர் ராமாநுஜர் மீது நூற்றந்தாதி பாடினார்.

கோயில் சிப்பந்திகள் முன்பு ஐந்து கொத்தாக இருந்தனர். ராமாநுஜர் அவர்களைப் பத்துக் கொத்தாக வகுத்தாரென்று கோயிலொழுகு கூறுகிறது. காவிரித் தீர்த்தம் சுமக்கும் திருக்கரகக்கையார், வாயில் காக்கும் ஆரியபட்டாள், பிரபந்தம் பாடும் விண்ணப்பஞ்செய்வார் என ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு பெயரும் முறையும் பொறுப்பும் ஏற்பட்டன. தண்ணீர் சுமப்பவனுக்கும் சபையில் சொல்லத்தக்க பெயர் ஒன்று கிடைத்தது சிறிய காரியமன்று.

கண்டிப்பு வந்தால் பகையும் வரும். ராமாநுஜர் ஏழு வீடுகளில் பிக்ஷை ஏற்று உண்பவர். அப்பிக்ஷையில் ஒரு நாள் நஞ்சு கலந்து வந்தது. அன்னமிட்ட மாதின் குறிப்பால் உண்மையை உணர்ந்த அவர் உபவாசம் இருக்கலானார். செய்தி கேட்டுத் திருக்கோட்டியூர் நம்பி விரைந்து வந்தார். அவரை எதிர்கொண்ட ராமாநுஜர் நடுப்பகலில் காவிரியின் சுடுமணலில் விழுந்து வணங்க, நம்பியோ எழுந்திருக்கச் சொல்லாமலே நின்றார். கண்டு பொறாத கிடாம்பி ஆச்சான், ஆசாரியரைக் கடிந்துகொண்டு ராமாநுஜரைத் தூக்கி எடுத்தார். அக்கணமே நம்பி அவரைத் தளிகைக்கு நியமித்தார். சமையற்காரரைத் தெரிந்தெடுக்க நம்பி வைத்த பரீக்ஷை இதுவே: உண்பவன் உடம்பு வாடினால் பொறுக்க மாட்டாத மனம் உண்டா என்பது. இன்று விடுதிக்கு ஆள் எடுப்போர் இதைக் கேட்கிறார்களா?

இதனினும் பெரியது உறையூர் மல்லர் ஒருவரின் கதை. சுடுமணலில் மனைவி பொன்னாச்சிக்குக் குடை பிடித்து, உலகம் நகைப்பதைப் பொருட்படுத்தாமல் நடந்த அவரை ராமாநுஜர் அருகழைத்தார். இகழாமல், பெருமாளின் திருக்கண்களைக் காட்டினார். அரச சேவகம் துறந்து ஸ்ரீரங்கத்தில் தங்கிய அம்மல்லரே பிள்ளை உறங்காவில்லி தாசர். உற்சவங்களில் திருவாபரணங்களைக் காக்கும் பொறுப்பு அவருடையதாயிற்று. காவிரியில் நீராடித் திரும்புகையில் ராமாநுஜர் அவர் தோளைப் பற்றி வருவார். குலத்தில் உயர்ந்தோமென்றிருந்த சிஷ்யர் முணுமுணுத்தனர்.

ராமாநுஜர் உபந்நியாசம் செய்யவில்லை. உலர்த்திய அவர்கள் துணியில் சிறிது கிழித்து வைக்கச் செய்தார். மடம் முழுதும் ஏச்சும் பூசலும் எழுந்தன. பின், தாசரைத் தம்மிடம் நிறுத்திக்கொண்டு, உறங்கும் பொன்னாச்சியின் நகைகளைக் களவாட அதே சிஷ்யரை அனுப்பினார். அவ்வம்மை விழித்தும் விழிக்காதவர்போல், மறுபக்கத்து நகையையும் எடுக்கட்டுமென்று புரள, வந்தவர்கள் ஓடிவிட்டனர். வீடு திரும்பிய தாசர், புரண்டு அவர்களைக் கலைத்தது தவறென்று மனைவியையே கடிந்தார். தோளைப் பற்றிய காரணம் அதன்பின் எவருக்கும் விளக்க வேண்டியதாயில்லை.

சோழ அரசனின் பகையால் பல்லாண்டு மேல்கோட்டையில் வாழ்ந்து, மீண்டு வந்து, 1137-இல் ராமாநுஜர் மறைந்தார் என்பது மரபு; 120 ஆண்டு வாழ்வைச் சரித்திராசிரியர் சிலர் ஒப்புவதில்லை. 1323-ஆம் ஆண்டுப் படையெடுப்பில் கோயில் குலைந்தது. 1371-இல் உற்சவ மூர்த்தி மீண்டும் எழுந்தருளிய பின் பழைய முறைகள் தழைத்தன. ஆயினும் ஒரு குறையை மறைப்பதற்கில்லை. ஊழியம் நாளடைவில் பிறப்பால் இறங்கும் சொத்தாயிற்று; உறையூர் மல்லர் ஒருவர் புதிதாக உள்ளே வரும் வழி குறுகியது. தமிழ்நாட்டுக் கோயில்களில் பரம்பரை நியமனத்தை ஒழிக்கும் சட்டம் 1971-இல் நடைமுறைக்கு வந்தது. 1972-இல் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்றது.